அழிரப்பர் வயசு

உங்கள் வீட்டில் பதினைந்து வயதில் பையனோ பெண்ணோ உண்டா? இருந்தால் ஒரு சின்ன வேடிக்கை செய்து பாருங்கள். பக்கத்துத் தெரு பேங்க்குக்குப் போய், தன் சொந்தப் பெயரில் ஐந்நூறு ரூபாய் கடன் கேட்கச் சொல்லுங்கள். மேனேஜர் சிரிப்பார். நல்ல மனிதராக இருந்தால், ‘அப்பாவைக் கூட்டிட்டு வாப்பா’ என்று தட்டிக்கொடுத்து அனுப்புவார்.

ஐந்நூறு ரூபாய் ஒரு பெரிய தொகையா? இல்லை. ஆனால் கொடுத்தால் கேட்டு வாங்க முடியாது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போட்ட ஒப்பந்தம் ஒப்பந்தமே அல்ல. பி.காம். படித்த யாரைக் கேட்டாலும், ‘மெர்க்கன்டைல் லா’ பேப்பருக்காக உருப்போட்ட ஒரு கேஸை இன்றைக்கும் ஒப்பிப்பார்கள். மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ்.

கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், தன் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்து, ஒரு லேவாதேவிக்காரரிடம் கடன் வாங்கினார். கடன் கொடுத்த தரப்பு ஏஜென்ட்டுக்கு ஆள் மைனர் என்பது தெரியும். தெரிந்தும் கொடுத்தார்கள். கேஸ் கோர்ட் கோர்ட்டாக ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1903-ல் தீர்ப்பு வந்தது. அடமானம் செல்லாது, கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது!

வகுப்பில் இந்த கேஸைக் கேட்டபோது எங்களுக்கெல்லாம் அந்த லேவாதேவிக்காரர் மேல்தான் பரிதாபம். பையன் நல்லா ஏமாத்திட்டானே! பிறகு யோசித்தால்தான் அதில் இருக்கிற பெரிய விஷயம் பிடிபடும். ஒரு சிறு பிள்ளையின் கை, நாளைக்கு அவன் ஆகப்போகிற பெரிய மனிதனைக் கட்டிப்போடக் கூடாது. சட்டம் சொல்வது அவ்வளவுதான்.

சரி, இதை ஏன் இப்போது சொல்கிறேன்?

அமெரிக்காவிலும் சட்டம் கிட்டத்தட்ட இப்படித்தான். மைனர் போட்ட ஒப்பந்தத்தை அவன் வேண்டாமென்றால் பெரும்பாலும் ரத்து செய்துவிடலாம். ஆனால், அங்கே ஒரு பேரேட்டில் மட்டும் பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகளின் பெயரில் அழியாத மையில் எழுதுகிறார்கள். அது பேங்க் பேரேடு அல்ல. காலேஜ் பேரேடு.

அங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலேஜ் பாடத்தையும் படித்து, கிரெடிட் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு டிகிரிக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்று வைத்தால் நாற்பது பாடம், நாலு வருஷம். பிளஸ் டூ முடிக்கும்போதே கையில் 30 கிரெடிட் இருந்தால் காலேஜில் ஒரு வருஷம் மிச்சம். 60 இருந்தால் இரண்டு வருஷம்.

இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏ.பி. என்று செல்லமாகச் சொல்லப்படும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’. பள்ளி வாத்தியாரே காலேஜ் தரத்தில் பாடம் நடத்துவார். மே மாதம் நாடு முழுக்க ஒரே பரீட்சை. ஐந்துக்கு இத்தனை என்று மார்க். மூன்றோ, நாலோ, ஐந்தோ வாங்கினால், அந்தந்தக் காலேஜின் விதிப்படி கிரெடிட். 1956-ல் ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதிய பரீட்சை. இன்றைக்கு வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் பேர் எழுதுகிறார்கள்.

இன்னொன்று, இரட்டைச் சேர்க்கை. ஒரே நேரத்தில் பள்ளியிலும் காலேஜிலும் பெயர் பதிவாகியிருக்கும். பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய்ப் படிக்கலாம். அல்லது காலேஜ் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம். 2022-23 கல்வியாண்டில் சுமார் 25 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள். அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளை!

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறான். அவன் பெண்ணுக்குப் பதினாறு வயது. போன வருஷம் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். ‘டேய், காலேஜ்ல ஒரு பாடத்துக்கு ஆயிரக்கணக்குல டாலர் கேக்கிறான். இங்க ஸ்கூல்லயே படிச்சா கால்வாசி கூட ஆகாது. ரெண்டு வருஷ ஃபீஸ் மிச்சம், ஹாஸ்டல் மிச்சம், ரெண்டு வருஷம் முன்னாடியே சம்பளம். யோசிச்சுப் பாரு!’

பி.காம். மூளை. யோசித்துப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது.

சொல்லவும் கூடாது. அமெரிக்காவில் காலேஜ் படிப்பு என்பது பல குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் கடன். வாங்கிய கல்விக் கடனை நாற்பது வயதிலும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் மிச்சம் என்றால், அது ‘ஸ்டைல்’ இல்லை. சோறு. 2023-லிருந்து டெக்ஸாஸில், மதிய உணவுச் சலுகை பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு, அந்தத் திட்டத்தில் சேர்ந்த காலேஜ்களில் இந்தப் பாடங்களுக்குக் கட்டணமே கிடையாது.

பணம் மட்டுமா? பள்ளியையும் காலேஜையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் பள்ளிகள் அங்கே பல உண்டு. சில பள்ளிகளில் இடத்துக்குக் குலுக்கல் போடுகிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள், விழாதவர்கள் இரண்டு தரப்பையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. பெயர் விழுந்தவர்களில்தான் அதிகம் பேர் காலேஜ் போனார்கள், பட்டமும் வாங்கினார்கள். அம்மாவோ அப்பாவோ காலேஜ் வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைக்கு, ‘நானும் இங்க உட்காரலாம்’ என்ற தைரியம் பதினாறு வயதிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்துக்கு விலை போட முடியுமா?

‘பாவம், சின்னப் பசங்க. விளையாடுற வயசுல காலேஜ் பாடமா?’ என்று சிலர் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பி.யு.சி. படிக்க காலேஜுக்குத்தான் போனார்கள். பதினாறு வயசு. அரைக்கால் டிராயர் போன வருஷம், வேட்டி இந்த வருஷம். அப்புறம் ஒரு அரசாங்க உத்தரவு வந்தது. அதே வயசுப் பிள்ளைகள் காலேஜிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் பிள்ளைகளின் மூளையா மாறிவிட்டது? கோடு மாறியது, அவ்வளவுதான்.

ஆக, பதினாறு வயதில் காலேஜ் பாடம் படிக்கலாமா என்பதல்ல என் கேள்வி. தாராளமாகப் படிக்கலாம். படித்துத் தோற்றால் அதை எங்கே எழுதுவது? அதுதான் கேள்வி.

அதற்கு முன்னால், இந்த கிரெடிட் என்ற சமாசாரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏதோ கல்வி மகான்கள் கூடி உட்கார்ந்து, அறிவை அளக்க ஒரு படி செய்தார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அது பென்ஷன் கணக்கிலிருந்து வந்தது!

1905-ல் இரும்பு வியாபாரத்தில் கோடிகோடியாகச் சம்பாதித்த ஆண்ட்ரூ கார்னகி, காலேஜ் பேராசிரியர்களின் பென்ஷனுக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால், எது காலேஜ், எது காலேஜ் என்று போர்டு மாட்டிய பள்ளிக்கூடம் என்று அப்போது அங்கே யாருக்கும் தெளிவில்லை. பென்ஷன் கொடுக்க வேண்டுமே! எனவே ஒரு நிபந்தனை போட்டார்கள். மாணவன் பள்ளியில் குறைந்தது 14 யூனிட் முடித்திருந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்கிற காலேஜுக்கே பென்ஷன். யூனிட் என்றால்? ஒரு பாடத்தை வருஷத்தில் சுமார் 120 மணி நேரம் வாத்தியார் முன்னால் உட்கார்ந்து படிப்பது. பென்ஷன் வேண்டுமென்று காலேஜ்கள் வரிசையில் வந்து நின்றன. பள்ளிக்கூடங்கள் மணி பார்க்க ஆரம்பித்தன.

அடுத்து 1910-ல் மோரிஸ் குக் என்ற எஞ்சினீயர், ஃபேக்டரியை அளப்பதுபோல காலேஜ்களையும் அளந்து ஒரு அறிக்கை எழுதினார். ஒரு மாணவன், ஒரு மணி நேரம். அதுதான் உற்பத்தி அளவு. ஒரு மணி நேரத்துக்கு என்ன அடக்கவிலை என்று பார்த்தார். இன்றைய கிரெடிட்டுக்கு முன்னோர்கள் இந்த இரண்டு பேரும்தான். ஒன்று பென்ஷன் கணக்கு, இன்னொன்று ஃபேக்டரி கணக்கு. ஆக, கிரெடிட் அறிவின் எடை அல்ல. உட்கார்ந்த நேரத்துக்கு ஒரு ரசீது.

ரசீது இருக்கிறது, சரக்கு இருக்கிறதா? டார்ட்மத் காலேஜில் ஒருமுறை பார்த்தார்கள். ஏ.பி. சைக்காலஜியில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு, காலேஜின் முதல் பாடப் பரீட்சையைச் சுருக்கி வைத்தார்கள். 2013-ல் வெளிவந்த செய்திப்படி, பத்தில் ஒன்பது பேர் தேறவில்லை. ஏ.பி. நடத்துகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பரீட்சையே சரியில்லை என்றார்கள். டார்ட்மத் ஏ.பி.க்கு கிரெடிட் கொடுப்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. பதினேழு வயதில் வாங்கிய ஐந்து மார்க், ‘இவனுக்கு எல்லாம் தெரியும்’ என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை என்றால், பதினைந்து வயதில் வாங்கிய ஃபெயில் மட்டும் ‘இவனுக்கு ஒன்றும் வராது’ என்பதற்கு எப்படிச் சாட்சியாகும்?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஏ.பி. பரீட்சையில் ஒரு பெண் ஒரு மார்க்தான் வாங்கினாள் என்று வையுங்கள். என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த மார்க்கைக் காலேஜுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் அவள் இஷ்டம். வேண்டாமென்றால் அந்த மார்க்கையே ரத்து செய்துவிடலாம். ஜெயித்தால் வரவு, தோற்றால் பற்று கிடையாது. அழகான ஏற்பாடு.

இரட்டைச் சேர்க்கையில் கதையே வேறு. அது நிஜக் காலேஜ் பாடம். எனவே மார்க், காலேஜின் நிரந்தரப் பேரேட்டில் ஏறும். பதினைந்து வயதில் அல்ஜீப்ராவில் ஃபெயில் என்றால், அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். முடியவில்லை என்று நடுவில் விலகினாலும் ‘விலகினார்’ என்ற எழுத்து நிற்கும். சில இடங்களில் பின்னால் கிடைக்க வேண்டிய உதவித்தொகையைக்கூட அது பாதிக்கும். இதையெல்லாம் விட ஒரு விஷயம். அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால், பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்கும் பொதுவாக ஒரே விண்ணப்பம் உண்டு. அதில், பள்ளியில் படிக்கும்போது எடுத்த காலேஜ் பாடங்களையும் மார்க்கோடு சேர்த்துக் காட்டியே ஆக வேண்டும். பதினைந்து வயது அல்ஜீப்ரா, இருபத்திரண்டு வயது டாக்டர் கனவின் வாசலில் வந்து நிற்கும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. ஏ.பி. வகுப்பு நடத்தத் தனியாக வாத்தியார் வேண்டும், போதுமான மாணவர்கள் வேண்டும். சின்ன ஊர்ப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. அங்கெல்லாம் இரட்டைச் சேர்க்கைதான் கதி. ஆக, மன்னிக்கிற பேரேடு வசதியான ஊருக்கு, மறக்காத பேரேடு வசதியில்லாத ஊருக்கு என்று பல இடங்களில் ஆகிவிடுகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது.

நண்பனின் பெண்ணோடு ஒருநாள் பேசினேன். என்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

‘ஸ்பீச் எடுத்திருக்கேன் அங்கிள். மேடைல பேசுறது.’

‘உனக்கு ஃபிசிக்ஸ்தானே பிடிக்கும்னு உங்கப்பா சொன்னான்?’

‘பிடிக்கும் அங்கிள். ஆனா அதுல ‘சி’ வந்துட்டா? அது எப்பவும் இருக்குமே! எனக்கு மெடிக்கல் போகணும். அதான் ரிஸ்க் எடுக்கல.’

நல்ல பெண். புத்திசாலி. கெட்டுப்போகவில்லை, அழவில்லை, தூக்கம் போய்விட்டது என்று புலம்பவும் இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டு, பிடித்ததை விட்டுவிட்டு, பயமில்லாததை எடுத்துக்கொண்டாள். ஃபெயில் ஆன பிள்ளையின் கண்ணீர் நமக்குத் தெரியும். ஃபெயில் ஆகிவிடக்கூடாது என்று ஆசையைச் சுருக்கிக்கொண்ட பிள்ளையின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் வராது. மார்க் ஷீட்டில் ‘ஏ’ என்றுதான் இருக்கும். எல்லோரும் கை தட்டுவோம்.

நம் ஊரில் ஒரு பழக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதலில் சிலேட்டு, பல்பம். எச்சில் தொட்டு அழித்தால் போச்சு. மூன்றாம் வகுப்பு வாக்கில் நோட்டுப் புத்தகம், பென்சில். கூடவே டப்பாவில் வாசனை வரும் ஒரு அழிரப்பர். தேய்த்தால் போகும், லேசாகத் தடம் மட்டும் தெரியும். இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் இங்க் பேனா. பேனா கையில் வந்த அன்றைக்கு எவ்வளவு பெருமை! அதை யார் யோசித்து வைத்தார்களோ தெரியாது. கல்வியைப் பற்றி அதைவிடப் பெரிய தத்துவம் நான் படித்ததில்லை. எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் அழிக்க விட வேண்டும். தப்பு நிற்காது என்ற நம்பிக்கை இருந்தால்தான் கை துணிந்து எழுதும்.

பள்ளிக்கூடம் என்பதே ஒரு அழிரப்பர்தான் என்பது என் கட்சி. அங்கே கெமிஸ்ட்ரியில் கோட்டை விடலாம். கவிதை எழுதிப் பார்த்து, வரவில்லை என்று விடலாம். கணக்கில் ஒன்பது மார்க் வாங்கி, அடுத்த வருஷம் தொண்ணூறு வாங்கலாம். அதற்கெல்லாம் திட்டு விழும், அடியும் விழுந்திருக்கலாம். ஆனால் முப்பது வயதில் வேலைக்குப் போகும் இடத்தில், ‘ஒன்பதாம் வகுப்பு கால் பரீட்சையில் ஏன் ஒன்பது?’ என்று யாரும் கேட்பதில்லை.

நீங்கள் மறுக்கலாம். ‘சார், வாழ்க்கையில எல்லாம் அழிக்க முடியுமா? நிஜ உலகத்துல தப்புக்கு விலை கொடுத்துத்தானே ஆகணும்? இப்பவே பழகட்டுமே! அழிச்சிடலாம்னு தெரிஞ்சா எவன் படிப்பான்?’

நியாயமான கேள்வி. ஆனால் விலை கொடுப்பதும் பட்டியலில் ஏறுவதும் ஒன்றல்ல. ஃபெயில் ஆனவன் விலை கொடுக்கத்தான் செய்கிறான். நாலு மாத உழைப்பு போனது. கிரெடிட் கிடைக்கவில்லை. மறுபடி படிக்க வேண்டும். வீட்டில் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பாடம் போதும். அதற்கு மேல் ‘இவன் தோற்றவன்’ என்று ஆயுசுக்கும் எழுதி வைப்பது பாடம் இல்லை, முத்திரை குத்துவது. நம் ஊரில் ‘பி.யு.சி. ஃபெயில்’ என்றே சில பேரை அறிமுகப்படுத்துவார்கள். அறுபது வயதில் நாலு கடைக்கு முதலாளியாக இருப்பார். பேச்சு மட்டும், ‘அவரு பி.யு.சி. ஃபெயிலு...’ என்றுதான் ஆரம்பிக்கும்.

‘மறைப்பது பொய் ஆகாதா? அடுத்த காலேஜுக்கு உண்மை தெரிய வேண்டாமா?’ என்றும் கேட்கலாம். இதற்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நம் நாட்டின் 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு சிறுவன் திருடிவிட்டான். விசாரித்தார்கள், குற்றம் செய்தது உண்மை. சட்டப்படி அவனைத் திருத்தும் நடவடிக்கை முடிந்து, அப்பீலுக்கான காலமும் கடந்த பிறகு அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். பதினாறைத் தாண்டியவர்கள் செய்யும் மிகக் கொடிய குற்றங்களுக்குத்தான் விலக்கு. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் சிறார் வழக்குப் பதிவுகளை மூடி முத்திரையிட வழி இருக்கிறது. அது பொய்யா? இல்லை. நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ‘அவன் அப்போது பிள்ளை. அதை இனி அவன் மேல் சுமத்த மாட்டோம்’ என்று பெரியவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது.

பதினைந்து வயதில் சைக்கிள் திருடியவனை மறக்கத் தெரிந்த நமக்கு, பதினைந்து வயதில் அல்ஜீப்ரா வராதவனை மறக்கத் தெரியவில்லை. வேடிக்கையாக இல்லை?

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாசலுக்கு வந்துவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021-ல் யு.ஜி.சி. விதிகளோடு ஒரு பேங்க்கே திறந்தார்கள். பெயரே ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’. படித்த கிரெடிட்டை அதில் போட்டு வைக்கலாம். பொதுவாக அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிக்கூடத்திலிருந்து பிஎச்.டி. வரைக்கும் ஒரே சங்கிலி போட்டிருக்கிறது. வருஷத்துக்கு 1,200 மணி நேரப் படிப்பு, 40 கிரெடிட். கார்னகியின் கடிகாரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இது வேண்டுமா, வேண்டாமா என்ற அரசியல் தனிக் கச்சேரி. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறக்கும் எவரிடமும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ‘ஐயா, வரவை எங்கே எழுதுவீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். பற்றை எங்கே எழுதுவீர்கள்? எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்?’

காமர்ஸ் படித்தவன் இப்படிச் சொல்வது கொஞ்சம் அபச்சாரம்தான். முதல் வருஷம் முதல் வகுப்பிலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்பது. இரண்டு பக்கமும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. கடைக்கு அது சரி. கம்பெனிக்கும் சரி. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்த விதியை மீறலாம் என்கிறேன். பதினெட்டு வயது வரை படித்துத் தேறிய காலேஜ் பாடங்களை வரவு வையுங்கள். தேறாத பாடத்தை, அந்தப் பிள்ளை வேண்டாமென்றால், அடித்துவிடுங்கள். யாருக்கு நஷ்டம்? அவன் மறுபடி படித்துத்தானே ஆக வேண்டும். ஏ.பி.யில் இத்தனை வருஷமாக இதைத்தான் செய்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை.

மகாபாரதத்தில் மாண்டவ்யர் என்று ஒரு முனிவர் வருவார். மௌன விரதத்தில் இருந்தவரின் ஆசிரமத்தில், திருடர்கள் களவுப் பொருளை ஒளித்துவைத்தார்கள். துரத்தி வந்த சேவகர்கள் கேட்டார்கள். மௌனத்தில் இருந்தவர் பதில் சொல்லவில்லை. அரசன் அவரையும் கழுவில் ஏற்றிவிட்டான். தவ வலிமையால் உயிர் போகவில்லை. பிறகு அவர் நேரே தர்மதேவதையிடம் போய், ‘நான் என்ன பாவம் செய்தேன், எனக்கு ஏன் இந்தத் தண்டனை?’ என்று கேட்டார். தர்மதேவதை கணக்கைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாராம்: ‘சின்ன வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தி விளையாடினீர்கள். அதற்குத்தான் இது.’

கணக்கில் பிழையே இல்லை. குத்தியது உண்மை, பதிவும் உண்மை. ஆனால் மாண்டவ்யர் கொதித்துப் போனார். ‘விவரம் தெரியாத வயதில் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? இனிமேல் பதினாலு வயது வரை பிள்ளைகள் செய்வது பாவக் கணக்கில் சேராது. இது என் கட்டளை’ என்றார். அத்தோடு விடவில்லை. பூமியில் மனிதனாகப் பிற என்று தர்மதேவதைக்கே சாபம் கொடுத்தார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர்.

தர்மத்துக்கே கணக்கு வைக்கத் தெரிந்தது. எதைக் கணக்கில் வைக்கக் கூடாது என்பது தெரியவில்லை. ஒரு மனிதன் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. காலேஜ் ரிஜிஸ்திரார்களுக்குச் சாபம் கொடுக்கும் தவ வலிமை நம்மிடம் இல்லை. உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு அழிரப்பர் வாங்கிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அவன் கேட்காவிட்டாலும் கொடுங்கள். பிடித்த பாடத்தை எடுத்துத் தப்பும் தவறுமாக எழுதட்டும்.